எந்த நோய்க்கு எதிர்ப்பு?

பழக்கன்று விளம்பரங்களில் ‘நோய் எதிர்ப்பு ரகம்’ என்று படித்திருப்பீர்கள். இது பாதி உண்மையே. ஜப்பானியப் பேரி ஒன்றைப் பாருங்கள்.

1888இல் சிபா மாகாணத்தில் கண்டெடுக்கப்பட்ட ‘நிஜிஸ்ஸெய்கி’ சுவை மிக்கது. ஆனால் இலையையும் காயையும் தாக்கும் கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும். ஆல்டர்னேரியா என்னும் பூஞ்சையின் வித்துகள் முளைக்கும்போது கசியும் நச்சு, இந்த ரகத்தின் செல் சவ்வைச் சிதைக்கிறது. காமாக் கதிர் பாய்ச்சும் வயலில் 1962இல் நட்ட மரங்களுள் ஒன்றில், ஒரு கிளை மட்டும் இந்நோயின்றி இருப்பதை 1981இல் கண்டனர். அதிலிருந்து பிறந்ததே ‘கோல்டு நிஜிஸ்ஸெய்கி’. அந்த நச்சு இதனை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

பாராட்டத்தக்க சாதனைதான். ஆயினும், வெஞ்சூரியா என்னும் வேறொரு பூஞ்சையால் வரும் சொறி நோயை இது தடுக்காது. அந்தப் பூஞ்சையோ ஐரோப்பியப் பேரியைத் தாக்குவதில்லை. ஐரோப்பியப் பேரியைத் தாக்க வேறொரு வெஞ்சூரியா இனம் உண்டு!

ஆக, எதிர்ப்பு என்பது மரத்தின் பொதுக்குணம் அன்று. குறிப்பிட்ட ரகத்துக்கும் குறிப்பிட்ட பூஞ்சைக்கும் உள்ள உறவு. விளம்பரத்தை நம்பி மருந்து தெளிப்பதை அடியோடு நிறுத்துபவர் மகசூலை இழக்க நேரிடும். எனவே, ‘எந்த நோய்க்கு? எந்த அளவுக்கு?’ என்று கேட்டுவிட்டுக் கன்று வாங்குங்கள்.