கிழங்கின் மேல் விழுந்த பழி

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய கிடங்குகளைத் தாண்டினால், ஏதாவது ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் கப்பா வெந்துகொண்டிருக்கும். நம் மரவள்ளிக் கிழங்குதான். நாகர்கோவில் பக்கம் மரச்சீனி. கொதித்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பும் மஞ்சளும் போடுகிறார்கள். கிழங்கின் சயனைடில் கணிசமான பங்கு அந்த வடிநீரோடு போய்விடும். ஆனாலும் கணையத்தில் கல் வரவைப்பது இந்தக் கிழங்குதான் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

1959-இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற மருத்துவர், சத்துக்குறைவான ஏழைகளின் கணையத்தில் சுண்ணாம்புக் கற்களைக் கண்டார். அவர்களின் முக்கிய உணவு மரவள்ளி. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்தார்: சிறுவயதில் வயிற்றுவலி, வாலிபத்தில் சர்க்கரை, நடுவயதுக்குள் மரணம். புரதம் குறைந்த உடலால் சயனைடை முறிக்க முடியாது என்ற விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது.

எனக்கு இது போதவில்லை. 1942-இல் பர்மா அரிசி வருவது நின்றபோது கேரளக் கரையில் கப்பாவை நம்பி வாழ்ந்தவர்கள் ஏழைகள். கிழங்கும் பசியும் ஒரே வீட்டில் இருந்தன. எது நோயைக் கொண்டுவந்தது என்று எப்படிப் பிரிப்பது? மரவள்ளியே தொடாத சென்னை நோயாளிகளுக்கும் இதே நோய் வந்தது. எலிகளுக்கு ஓராண்டு மரவள்ளி கொடுத்துப் பார்த்தும் கணைய அழற்சி வரவில்லை. 2000-க்குப் பிறகு ஸ்பிங்க்1 மரபணு மாற்றம் ஏறத்தாழ மூன்றில் ஒரு நோயாளியிடம் தெரியவந்தது. ஆரோக்கியமானவர்கள் சிலரிடமும் அது உண்டு என்பதால் மரபணுவை மட்டும் குற்றவாளியாக்கவும் முடியாது. ஆனால் கிழங்கை விடுவிக்க இவ்வளவு போதும்.

பழி கிழங்கின் மேல் நின்றதால், இந்த நோயாளிகளுக்கு வரக்கூடிய கணையப் புற்றுநோய் பின்னுக்குப் போனது. அதுதான் என் கவலை. 1992-இல் கொச்சி மருத்துவர்கள் பிலிப் அகஸ்டினும் ரமேஷும் இந்த நோயாளிகள் 266 பேரில் 22 பேருக்குக் கணையப் புற்றுநோய் என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு, ஆகவே சற்று மிகையாக இருக்கலாம். 1994-இல் வெளிவந்த சென்னை ஆய்வு 185 பேரைத் தொடர்ந்து கவனித்து, மற்றவர்களைவிட 100 மடங்கு ஆபத்து என்றது. அதன் அடிப்படை ஆறே மரணங்கள். உண்மை 37 மடங்காகவும் இருக்கலாம், 218 ஆகவும் இருக்கலாம். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அலட்சியம் செய்ய முடியாது.

கண்டுபிடிப்பதுதான் பாடு. கல்லும் தழும்பும் நிறைந்த கணையத்தில் வீங்கிய முடிச்சும் புற்றுக்கட்டியும் சி.டி. ஸ்கேனில் ஒன்றுபோலத் தெரியும். எண்டோஸ்கோப்பி வழியே ஊசி விட்டுச் சதை எடுத்தால், அது தழும்பில் மட்டும் குத்திவிட்டு வரலாம். இரத்தத்தில் பார்க்கும் புற்றுக் குறியீடான சி.ஏ. 19-9, பித்தநாளம் அடைத்தாலே ஏறிவிடும். ஆகவே நோயாளி சொல்வதைத்தான் முதலில் கேட்கவேண்டும்: பல வருடம் அடங்கிக் கிடந்த வலி திரும்பியது, சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் எடை குறைகிறது, கண் மஞ்சளாகிறது. கப்பா சாப்பிடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர் இவற்றைச் சொல்லத் திரும்பி வரமாட்டார்.

எல்லாப் பரிசோதனைகளுக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால், உடல் தாங்குமென்றால், அனுபவமுள்ள கையால் கணையத் தலையை எடுத்துவிடுவதே சரி என்பேன். சில நேரம் எடுத்தது வெறும் தழும்பு என்று பின்னால் அறிக்கை வரும். கடினமான அறுவை, கொடுக்கும் விலையும் பெரிது. ஆனாலும் கட்டியைத் தழும்பென்று நம்பி விட்டுவிட்டால், அடுத்த ஸ்கேனுக்குள் அறுவைக்கான காலமே கடந்துவிடக்கூடும்.