பாகவதர் குரலும் பத்திரிகைப் பேனாவும்

சினிமாவைப் பற்றி எழுதப்படும் விமரிசனங்களைத் தொடர்ந்து படித்துவரும் சாதாரண ரசிகனுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. இவ்விமரிசகர்கள் யாருக்காக எழுதுகின்றனர்? படம் எடுத்த முதலாளிக்காகவா? நடித்த நட்சத்திரத்திற்காகவா? அன்றித் தம்மைப் போன்ற பிற விமரிசகர் படித்து மெச்சுதற்காகவா? காசு கொடுத்துக் கொட்டகையுட் சென்று அமர்பவனுக்காக எழுதப்பட்டது என்று சொல்லத்தக்க எழுத்து மிகச் சிலவே. புகழப் புகுந்தால் நட்சத்திரத்தின் நிறத்தையும் உடையையும் மாளிகையையும் மோட்டார் வண்டியையும் புகழ்வர். இகழப் புகுந்தால் அவர் குடும்பத்தையும் இரவுப் பழக்கத்தையும் இகழ்வர். பாட்டு எங்ஙனம் இருந்தது, கதை நமக்குச் சொல்ல வந்தது யாது என்னும் கேள்விகள் விடையின்றிக் கிடக்கும்.

இதனை எழுதும் யான் விமரிசகன் அல்லேன், தோட்டத்துக் கிராணி. பகலெல்லாம் செக்ரோலிற் பெயரும் நாளும் பதிந்துவிட்டு இரவிற் பாட்டுக் கேட்பவன். ஆயினும் கேட்பவனுக்கும் ஒரு கட்சி உண்டன்றோ? அதனை எடுத்துரைக்க எம். கே. தியாகராஜ பாகவதரின் வரலாற்றைவிடத் தக்கதொன்று எனக்குப் புலப்படவில்லை. நட்சத்திரத்தை ஆக்கும் பேனாவும் அழிக்கும் பேனாவும் ஒரே மைக்கூட்டிற் தோய்ந்தவை என்பதற்கு அதுவே போதிய சான்று.

பாகவதர் 1910 இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடியிற் பிறந்தவர். திருச்சியில் வளர்ந்து, சிறு பிராயத்திலேயே நாடக மேடையேறி, 1934 இல் ‘பவளக்கொடி’ வாயிலாகப் பேசும்படத்திற்கு வந்தார். 1937 இல் ‘சிந்தாமணி’யும் ‘அம்பிகாபதி’யும் வெளிவந்தபின் தமிழர் வாழுமிடமெல்லாம் அவர் குரல் பரவிற்று. இளைஞர் தலைமயிரைப் ‘பாகவதர் கிராப்பு’ என்று வளர்த்துப் பின்னே தொங்கவிட்டனர். 1944 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அப்படத்தில் சாருகேசி இராகத்தில் அமைந்த பாட்டொன்று உண்டு. சாருகேசி இருபத்தாறாவது மேளகர்த்தா. அந்நாளிற் கச்சேரி மேடைகளில் அதிகம் பாடப்பெறாதது. அதனைப் பாபநாசம் சிவன் தமிழ்ச் சொல்லில் அமைக்க, பாகவதர் பாட, அது மூலை முடுக்கெல்லாம் முழங்கிற்று. பால்மரத்தைச் சீவும் தொழிலாளிக்கு மேளகர்த்தா என்றால் யாதென்று தெரியாது. ஆயினும் விடியற்காலை இருளிற் கையிற் கத்தியும் நெற்றியில் விளக்குமாகச் செல்பவன் அவ்விராகத்தைப் பிசகின்றி முணுமுணுக்கக் கூடும். எண்ணை அறியான், சுவையை அறிவான்.

அதே ஆண்டுகளிற் சென்னையில் நடந்ததென்ன? தமிழிற் பாடுவது கச்சேரிக்குத் தகுமா, தகாதா என்று வித்துவான்களும் விமரிசகர்களும் வாதிட்டுக் கொண்டிருந்தனர். அண்ணாமலை அரசர் தமிழிசைக்காக முயன்று, 1943 இல் தமிழ் இசைச் சங்கமும் தோன்றியது. எதிர்த்தோர் தமிழ்ப் பாட்டில் நயமில்லை என்றனர். ஆதரித்தோர் உண்டு என்று நிறுவக் கட்டுரை மேற் கட்டுரை எழுதினர். பத்தாண்டுகளாகத் தமிழ்ப் பாட்டைக் கர்நாடக இராகங்களிற் கேட்டு வந்த கூலிக்காரனை ஒருவர் கூப்பிட்டு வினவியிருந்தால், அவ்வழக்கு அரைநாளில் முடிந்திருக்கும் என்பது எமது துணிபு. செவியுள்ளவனுக்குச் சான்றிதழ் எதற்கு?

இதனால் ரசிகன் சொல்வதெல்லாம் சரியென்று யாம் வாதிப்பதாகக் கொள்ளற்க. ஹரிதாஸ் கதையையே எடுத்துக்கொள்வோம். பெற்றோரைத் துரத்தி, தாசி வலையில் விழுந்து, பொருளிழந்து, காலுமிழந்த ஒருவன் பக்தியினால் மீண்டும் கால் பெறுகின்றான். மனிதன் செய்த பிழைக்கு மனிதன் தேடவேண்டிய பரிகாரத்தைத் தெய்வத்தின் தலையிற் கட்டிவிடும் இத்தகைய முடிவு, அறிவை வளர்ப்பதா, மழுக்குவதா? கொட்டகையில் இதனைக் கேட்டார் எத்தனை பேர் என்று தெரியவில்லை. பாட்டின் இனிமையில் மயங்கிக் கதையின் நஞ்சையும் பருகிவிடுவது ரசிகனின் பலவீனம். என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் அவ்வப்போது நடுவே வந்து நகைச்சுவையால் நம்மை விழிக்கச் செய்திராவிடில் அக்காலத்துப் புராணப் படங்கள் பலவற்றை முழுதும் பார்த்து முடித்தல் அரிது. இவ்விடத்திலேதான் விமரிசகர் வேண்டும். பாட்டு உயர்ந்தது, கதை தாழ்ந்தது என்று பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டும். நாம் கூலி கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய வேலைக்காரர் அவர். நமக்கு எசமானர் அல்லர்.

தமிழில் அத்தகையவர் இல்லாமற் போகவில்லை. ‘ஆனந்த விகட’னில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரிற் சங்கீத விமரிசனம் எழுதிய கல்கி, பண்டிதர் மிரட்டும் சொற்களை ஒதுக்கி, திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல் எழுதினார். இசை நுணுக்கம் அறியாதாரும் அவற்றைப் படித்துச் சிரித்தனர். சிரித்துக்கொண்டே சிறிது கற்றனர். 1935 இல் ‘நந்தனார்’ படத்திற்குக் கே. பி. சுந்தராம்பாளுக்கு ஓர் இலட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டதென்பது நாடெங்கும் பேச்சாயிற்று. நந்தனின் துயரத்தைப் பேசியவர்களினும் அம்மையாரின் சம்பளத்தைப் பேசியவர்களே மிகுதி போலும். அவ்வாரவாரத்திற்கு அஞ்சாது கல்கி அப்படத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இலட்ச ரூபாய் என்ற சொல்லைக் கேட்டு வாய்பிளந்து நின்ற காலத்தில் ஒருவராவது அங்ஙனம் எழுதியது நற்பணியே. படமும் ஓடவில்லை. அம்மையாரின் குரல் வன்மை மட்டும் எவர் எழுதியும் குறையவில்லை.

நிற்க. அதே கல்கி பின்னர்ப் படத்திற்குக் கதை எழுதினார். 1939 இல் ‘தியாகபூமி’ விகடனிற் தொடர்கதையாக வந்தபோது படத்தின் காட்சிகளே அதற்குச் சித்திரங்களாக அச்சாயின. 1941 இல் அவரும் சதாசிவமும் ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்க முதற்பணம் எங்கிருந்து வந்தது? எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் பூண்டு ஈட்டிய ஊதியத்திலிருந்து வந்தது. 1945 இல் வெளியான எம். எஸ்ஸின் ‘மீரா’வுக்குக் கல்கி பாட்டும் எழுதினார். இவற்றில் ஒன்றையும் குற்றமென்று யாம் கூறவில்லை. எம். எஸ்ஸின் பாட்டு எவருடைய பரிந்துரையையும் வேண்டி நிற்பதன்று. ஆயின் நட்சத்திரத்தின் ஊதியத்தில் முளைத்த ஏட்டில் அந்நட்சத்திரத்தைப் பற்றிய விமரிசனத்தைப் படிக்கும் தோட்டத்துத் தொழிலாளிக்கு அவ்வுறவு தெரிந்திருத்தல் வேண்டுமா, வேண்டாவா? தெரிந்திருத்தல் வேண்டும் என்பதே எமது கட்சி. நட்பு நல்லது, அதனைத் தராசில் வைத்தால் நிறை மாறும்.

இது நாகரிகமான பக்கம். மறுபக்கம் இரத்தக் கறை படிந்தது. போர்க்காலத்திற் சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்னும் ஏட்டை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களை, மெய்யோ பொய்யோ, அச்சிடுவதே அதன் தொழில். பணம் கொடுத்தோர் பெயர் அதில் வராது என்பர். பாகவதரும் கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் முறையிட்டதன் பேரில் அதன் லைசென்சு பறிக்கப்பட்டது. அவரோ ‘இந்து நேசன்’ என்னும் வேறோர் ஏட்டில் அதே தொழிலைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 ஆம் நாள் வேப்பேரியில் அவர் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் கைதாயினர். நாயுடு விடுதலை பெற்றார். மற்ற இருவருக்கும் 1945 இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று சென்னைக்கே திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர்.

இரண்டாண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். அவர் படமோ பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்தது. உடல் கம்பிக்குள், குரல் கொட்டகைக்குள். மலாயாவிலோ இது இன்னும் விந்தையாக அமைந்தது. ஹரிதாஸ் வெளிவந்தபோது இந்நாடு ஜப்பானியர் கையில் இருந்தது. இந்தியாவிலிருந்து படப்பெட்டி கப்பலேறி வரும் வழி அடைபட்டிருந்தது. ஆகவே இங்கு அப்படத்தைக் கண்டவர் எவராயினும், பாகவதர் சிறை புகுந்த பின்னரே கண்டிருத்தல் கூடும். இங்கு வந்த ஹரிதாஸ் முதல் நாளே வழக்கில் அகப்பட்டவரின் பாட்டாக வந்தது. அதனால் பாட்டின் ஒரு சுரமாவது கெட்டதா? கெடவில்லை.

லட்சுமிகாந்தனின் ஏட்டை வாங்கியவர் யார்? நட்சத்திரத்தை வெறுத்தவர் அல்லர், வணங்கியவரே. இந்த வாரம் அவர் தங்கத்தட்டில் உண்பதைப் படித்து மகிழ்ந்தவனே அடுத்த வாரம் அவர் யாருடன் இருந்தார் என்பதையும் அதே ஆவலோடு படித்தான். துதி எழுதுவோனும் தூற்றி எழுதுவோனும் ஒரே வாடிக்கைக்காரனுக்கு ஒரே சரக்கை விற்கின்றனர். அச்சரக்கு ஆளே அன்றிக் கலையன்று. லட்சுமிகாந்தனும் ஒரு மனிதர். அவர் கொலையுண்டதை எவரும் நியாயமென்று சொல்ல இயலாது. ஆயின் அவரை அத்தொழிலில் நிறுத்தி வைத்தது விற்பனை என்பதையும் மறைத்தல் ஆகாது.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்றோர்க்கு இவ்விடத்தில் எட்மண்ட் கீனின் நினைவு வரலாம். 1814 சனவரியில் இலண்டன் டுரூரி லேன் அரங்கில் அவர் ஷைலக் வேடத்தில் தோன்றியபோது, ‘மார்னிங் கிரானிக்கிள்’ ஏட்டில் ஹாஸ்லிட் அவரைப் போற்றி எழுதினார். பின்னர் அதே நடிகர் ரோமியோவாக வந்தபோது, காதலனுக்குரிய மென்மை அவரிடம் குறைவு என்று எழுதவும் ஹாஸ்லிட் பின்வாங்கவில்லை. 1825 இல் பிறன்மனை நயந்த வழக்கிற் கீன் 800 பவுன் நட்டஈடு கொடுக்க நேர்ந்தது. பத்திரிகைகள் தாக்கின. அதுகாறும் கைதட்டிய மக்களே அரங்கிற் கூச்சலிட்டு அவரை நடிக்கவொட்டாது தடுத்தனர். அவர் நடிப்பில் அன்று குறை கண்டு கூவினார் அல்லர். ஆங்கிலம் கற்ற நம்மவரிற் சிலர், தமிழ்ப் படம் என்றாலே மூக்கைச் சுளித்து, ‘இந்தப் பைத்தியமெல்லாம் நம் சனங்களுக்கே உரியது’ என்பர். அவர்கள் கீனின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.

விடுதலை பெற்ற பாகவதருக்கு ‘ராஜமுக்தி’ 1948 இல் வந்தது. பழைய வெற்றி வரவில்லை. 1952 இல் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் வந்தன, அவையும் அவரை மீட்கவில்லை. 1959 நவம்பர் 1 ஆம் நாள், ஐம்பது நிறையுமுன் மறைந்தார். உடன் சிறை சென்ற கிருஷ்ணனோ 1949 இல் அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’யில் மீண்டும் நிமிர்ந்தார். ஒரே வழக்கு, ஒரே சிறை, ஒரே விடுதலை; விளைவு மட்டும் வேறு. காரணம் யாது?

பழியே காரணம் என்பார் உளர். அது முழுதும் பொருந்தாது. பொருந்துமாயின் கிருஷ்ணனும் வீழ்ந்திருப்பார். காலம் மாறிற்று என்பது ஓரளவு உண்மை. 1949 இல் ‘வேலைக்காரி’யும் 1952 இல் ‘பராசக்தி’யும் வந்தபின் மக்கள் பாட்டினும் வசனத்தையே நாடினர், பாகவதரோ பழைய அரசிளங்குமரனாகவே நின்றார். ஆயின் எமக்குத் தோன்றும் காரணம் மற்றொன்று. கிருஷ்ணனின் ரசிகர் அவர் சொன்னதை விரும்பினர். சொல்வதற்கு அவரிடம் புதிது புதிதாகப் பொருள் இருந்தது. பாகவதரின் ரசிகரிற் பெரும்பாலோர் ஒரு தெய்வத்தை விரும்பினர். அழகு, சிகை, பட்டு, பொன், மாசற்ற வாழ்வு ஆகிய எல்லாம் சேர்ந்த விக்கிரகம் அது. நீதிமன்றம் மனிதனை விடுவித்தது. விக்கிரகம் உடைந்தது உடைந்ததே. குரல் தேய்ந்ததா, தேயவில்லையா என்று கேட்டுச் சொல்லியிருக்க வேண்டியது விமரிசகர் கடமை. யாம் இசைத்தட்டில் கேட்டவரை, அமரகவியின் பாட்டுக்கள் ஹரிதாஸின் பாட்டுக்களுக்கு வெகுதூரம் பின்னிற்பனவல்ல. மேல் ஸ்தாயியில் அந்தப் பழைய தெளிவு இன்னும் உண்டு. விறுவிறுப்பே சிறிது குறைவு.

இன்றும் நட்சத்திரங்களின் உருவப் பலகைக்குப் பாற்குடம் எடுத்துவந்து ஊற்றுவோர் உளர். கல்லுக்கு ஊற்றுவது மூடநம்பிக்கை என்று மேடையிற் பேசுவோரும் பலகைக்கு ஊற்றுவதைக் கண்டு வாளா இருக்கின்றனர். படம் வெளிவருமுன்னே அதைப் புகழும் கட்டுரை வந்துவிடுகின்றது. எழுதினவர் படத்தைப் பார்த்தாரா என்பதையும் ஊகித்தே அறிய வேண்டியிருக்கின்றது.

ஹரிதாஸும் அமரகவியும் இசைத்தட்டிலிருந்து பெயர்த்துப் பதிவு செய்யப்பட்டு இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. நேயர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, மேலே யாம் கூறிய தீர்ப்புத் தவறாயின் இப்பகுதிக்கு எழுதுவாராக. பாகவதர் எத்தனை சவரன் நகை அணிந்தார் என்பது பற்றிய கடிதங்களைப் பத்திராதிபர் வெளியிடாதிருப்பின் நன்று.