கல்லைப் படித்த கண்

கண்டிக்கு அருகே உள்ள எம்பக்கே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் மேள மண்டபத்துத் தூண்களிலேயே நின்றுவிடுகிறார்கள். அன்னப்பின்னல், இரட்டைத்தலைப் பறவை, மல்லர்கள், பாலூட்டும் தாய்: அந்த மரச் செதுக்கல்கள் கண்ணை எளிதில் விடமாட்டா. எனக்கு அந்த மண்டபத்தில் மிகவும் பிடித்தது தலைக்கு மேலே இருக்கிறது. கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் வந்து கூடுகின்றன. அத்தனையையும் ஒரே மரமுளை பூட்டி நிறுத்துகிறது. சிங்களத்தில் அதை மடொல் குருபாவ என்பார்கள். கதிர்காமக் கடவுளின் அந்தக் கோயிலில் என்னை வணங்க வைக்கும் தச்சுவேலை அதுதான்.

கண்டிக் கைப்பணியை இப்படிச் செய்முறையிலிருந்து ரசிக்க நமக்குக் கற்றுத்தந்தவர் ஒரு நிலவியலாளர். சர் முத்து குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வின் தலைவராக இருந்தார். கண்டிக்கு அருகே கங்காபிட்டியவில் கிடைத்த செரண்டிபைட் என்ற நீலக் கனிமத்தை ஜி. டி. பிரயருடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தவர் அவர். தோரியனைட் கண்டுபிடிப்பிலும் அவர் பெயர் நிற்கிறது. 1906இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டம் வந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் அந்தத் தொழிலில் அடைய வேண்டியதை அடைந்தாயிற்று.

கல் தேடி ஊர் ஊராகப் போனவர் கொல்லர்களையும் தச்சர்களையும் ஓவியர்களையும் கண்டார். உடன் சென்ற மனைவி எதெல் படம் பிடித்தார். பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய நெசவுக் கலைஞரானவர் அவர். பழைய கட்டடங்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு கண்டித் தலைவர்களுக்கு 1905இல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார் குமாரசுவாமி. 1908இல் அவருடைய 'மத்தியகால சிங்களக் கலை' என்ற நூல் வந்தது. இங்கிலாந்தின் பிராட் கேம்ப்டனில், வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கைஅச்சு இயந்திரத்தில், 425 பிரதிகள் மட்டுமே.

அவர் அறிவியலை விட்டுக் கலைக்கு வந்தார் என்பதை நான் பாதிதான் ஏற்பேன். கல்லைப் படிக்கிறவன் அது எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் பிறந்தது என்று கேட்கிறான். குமாரசுவாமி அதே கேள்வியோடுதான் விளக்கையும் பார்த்தார். மரம், தந்தம், இரும்பு, பித்தளை, அரக்கு, மண் என்று பொருள் பொருளாகவே அந்நூல் நடக்கிறது. கருவிகள், கலவைகள், கைவினைஞனுக்கு ஊழியத்துக்கு ஈடாக இருந்த நிலம், எல்லாம் அதில் உண்டு. வெறும் பரவசக்காரர் எவராலும் எழுத முடியாத புத்தகம் அது.

கண்டிப் பக்கத்துப் பிலிமத்தலாவையின் பித்தளைக்காரர்களிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பழைய மெழுகு வார்ப்பில், தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவத்தைச் செய்கிறார்கள். முதலில் நைஸான களிமண் பூச்சு. மெழுகில் விழுந்த நகக்கீறல் வரை பிடித்துக்கொள்வது அதுதான். மேலே கரடான மண் ஏறும். சுட்டால் மெழுகு உருகி வெளியேறும், வெற்றிடத்தில் உருகிய பித்தளை இறங்கும். இதில் ஒரு நெருக்கடி உண்டு. துத்தநாகம் ஏறத்தாழ 907 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். பித்தளையோ ஏறத்தாழ அதே சூட்டில்தான் உருகுகிறது. சூடு குறைந்தால் உலோகம் விளக்கின் உச்சியில் நிற்கும் சேவலின் கொண்டை நுனியை எட்டாது. கூடினால் துத்தநாகம் வெண்புகையாகப் போய்விடும். உலைக்காரரின் கண் இந்தச் சிறிய இடைவெளியில்தான் வாழ்கிறது. வார்த்ததும் அச்சை உடைக்க வேண்டும். அந்த அச்சுக்கு இரண்டாம் விளக்கு கிடையாது.

அருகே கடலாதெனியவில் கல்லும் இப்படித்தான் பேசுகிறது. வெறும் பாறைமேல் 1344இல் எழுந்த அந்த விகாரையின் சிற்பாசாரி கணேஸ்வராசாரி, தென்னிந்தியர். தூண்களில் அந்தக் கை தெரிகிறது. பக்கத்து லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. தமிழர் எம்பக்கேயோடு சேர்த்து இந்த மூன்று கோயில்களையும் அயல்வீடாகப் பார்ப்பது எனக்கு வருத்தம்.

1917இல், நாற்பது வயதில், குமாரசுவாமி பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனார். 1947இல் இறக்கும்வரை அங்கேயே. இயந்திரத்தின் மீது அவருக்கு இருந்த அவநம்பிக்கையில் மட்டும் நான் அவரோடு முழுதாக இல்லை. மோட்டார் சக்கரத்தில் மெருகேற்றியதால் ஒரு விளக்கு கெடுவதில்லை. அவசரத்தில்தான் கெடுகிறது. வாங்கும்போது விளக்கைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பாதி அச்சில் வார்த்த விளக்கானால், அவை சேர்ந்த வரம்பு அடிப்பக்கத்தில் ஓடுகிறதா, அரம் அதை இழைத்திருக்கிறதா, யாரும் பார்க்காத உட்குழிவில் கை போயிருக்கிறதா என்று தேடுங்கள். போயிருந்தால் பேரம் பேசாதீர்கள்.