11,000 அடியில் ஒரு கம்மின்ஸ்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை, ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் 11,158 அடி உயரத்தைத் தொடுகிறது. மேற்கே சில்வர்தார்ன் ஊரிலிருந்து அந்தச் சுரங்கம் வரை ஏறத்தாழ 8 மைல் ஏற்றம். சாய்வு 7 சதவீதம் வரை போகும். பின்னால் 4 டன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு அதை ஏறிக் காட்டும் பிக்கப் டிரக்குக்குத்தான் அங்கே மரியாதை.

இந்த முறை அங்கே சோதிக்கப்பட்டது 1997 மாடல் டாட்ஜ் ராம் 2500. உள்ளே 5.9 லிட்டர், 12 வால்வு கம்மின்ஸ் டீசல் இன்ஜின். 1989 முதல் ராமில் வரும் இந்த இன்ஜின் குடும்பத்துக்கு அறிமுகம் தேவையில்லை. மேனுவல் கியர் வண்டி ஆலையிலிருந்து வரும்போது 215 குதிரைத்திறன். இந்த வண்டியில் பெரிய இன்ஜெக்டர்கள், பி7100 பம்பில் கூடுதல் டீசல் விடும்படி செய்த மாற்றம், 4 அங்குல எக்ஸாஸ்ட் குழாய் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. டர்போவை மட்டும் மாற்றவில்லை. அதே பழைய ஹோல்செட் ஹெச்எக்ஸ்35. சில வாரங்கள் ஓட்டிய பிறகு மனதில் நிற்பது அந்த ஒரு விடுபடல்தான்.

5,280 அடியில் இருக்கும் டென்வரில் வண்டியைக் குறை சொல்ல மனம் வராது. காலை வைத்ததும் இழுவை கொட்டுகிறது.

மலையில் கதை வேறு. ஐந்தாவது கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்து ஏறினால் பைரோமீட்டர் முள் 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிடுகிறது. டர்போவுக்குள் நுழையும் எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பம் அது. தொடர்ந்து தாங்கக்கூடியது 1,250, அதாவது 677 டிகிரி செல்சியஸ் என்பது கம்மின்ஸ் ஓட்டுநர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் நீடித்தால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆபத்து.

காரணம் காற்று. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, சுரங்க வாயிலில் ஏறக்குறைய 9.7. இந்த பம்பில் கணினி கிடையாது, உயரம் அதற்குத் தெரியாது. கீழே ஊற்றிய அதே டீசலை மேலேயும் ஊற்றுகிறது. எரிக்கக் காற்று போதாமல் புகையும் வெப்பமும் கூடுகின்றன. பூஸ்ட் மீட்டரோ இரண்டு இடத்திலும் 30 பிஎஸ்ஐ என்றே காட்டும், ஏனென்றால் அது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தத்தை மட்டும் அளக்கிறது. கடல் மட்டத்தில் அந்த 30-ஐ எட்ட டர்போ காற்றை மூன்று மடங்கு அழுத்தினால் போதும். சுரங்கத்தருகே நான்கு மடங்கு. சிறிய டர்போ அங்கே மிதமிஞ்சிய வேகத்தில் சுழன்று, காற்றைத் தள்ளுவதைவிடச் சூடாக்குவதையே அதிகம் செய்கிறது.

எனவே உயரத்தில் நம்ப வேண்டியது பைரோமீட்டரை. முள் 1,200-ஐ நெருங்கும்போதே நான்காவது கியருக்கு இறங்கி, காலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இன்ஜின் வேகம் கூடக் கூட உள்ளே போகும் காற்றும் கூடும், முள் இறங்கும். மேலே போய் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. முள் 350-க்குக் கீழே வரும் வரை ஐடிலில் விட வேண்டும், இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகும்.

இவ்வளவு முக்கியமான மீட்டரை டாட்ஜ் அந்த வண்டியில் கொடுக்கவே இல்லை என்பது இன்றும் எரிச்சலூட்டுகிறது. இழுவைக்கென்றே விற்ற டிரக் அது! அதைவிடக் கோபம் வருவது, இன்ஜெக்டரை முதலில் மாட்டிவிட்டு மீட்டரைக் கடைசியில் யோசிக்கும் வழக்கத்தின் மேல். டீசலைக் கூட்டுவது மலிவு, காற்றைக் கூட்டுவது செலவு என்பதால் வரும் வினை இது. கரும்புகையை வேண்டுமென்றே கக்குவதை கொலராடோ 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. மலைவாசிகளின் மூச்சுக்காக அது சரியான சட்டம்.

மாற்றம் செய்தே தீர வேண்டும் என்றால் இரட்டை டர்போதான் வழி. பெரியது இரண்டு மடங்கு அழுத்தி, சிறியது அதை இன்னும் இரண்டு மடங்காக்கினால் தேவையான நான்கு மடங்கு வந்துவிடும். எதற்கும் மூச்சு முட்டாது. செலவு அதிகம்தான். அந்தப் பணம் கையில் இல்லாதவர் இன்ஜெக்டரைத் தொடாமல், ஒரு பைரோமீட்டரும் இறக்கத்துக்கு ஓர் எக்ஸாஸ்ட் பிரேக்கும் மட்டும் பொருத்திக்கொள்ளலாம். ஆலை கொடுத்த 215 குதிரைத்திறனே அந்த ஏற்றத்துக்குப் போதும். கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.