மூத்த மகனின் சொல்

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்து உவமையை ‘ஊதாரி மைந்தன்’ எனப் பெயரிட்டு வழங்குவதால், நம் பார்வை இளையவனின் கலகத்தோடு நின்றுவிடுகிறது. உவமையின் கூர்மையோ மூத்தவனின் முறையீட்டில் உள்ளது. ஒருநாளும் பெரட்டுக்குத் தவறாத தோட்டத் தொழிலாளியைப்போல் அவன் தன் உழைப்பைக் கணக்கிட்டுரைக்கிறான். தம்பியைத் தம்பி என்று கூறான். தந்தையின் மகன் என்றே சுட்டுகிறான். தன்னை நேர்மையாளனாகக் கருதுபவன் முதலில் இழப்பது உறவுமுறைச் சொல்லையே. தோட்டத்தை விட்டு ஈப்போவின் குனோங் ராபாட் பக்கம் குடியேறிய குடும்பங்களிலும் ‘உங்கள் மகன்’ என்னும் அக்கசப்பான பேச்சு புதிதன்று. தந்தை மறுமொழியில் அவ்வுறவை மீட்டளிக்கிறார். பழைய மொழிபெயர்ப்பின் ‘சகோதரன்’ என்னும் பொதுச்சொல்லில் இந்நுட்பம் மங்கிவிடுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் ‘தம்பி’யில் அது துலங்குகிறது. மூத்தவன் வீட்டினுள் சென்றானா என்பதை லூக்கா கூறவில்லை.