பச்சைப் புள்ளிக்குள் எத்தனை பேர்?

2018 ஜனவரியில் கேப் டவுன் மாநகராட்சி இணையத்தில் ஒரு வரைபடத்தை வெளியிட்டது. தெருக்கள், தெருக்களில் வீடுகள், வீடுகளின் மேல் பச்சைப் புள்ளிகள். மாதம் 6,000 லிட்டருக்குள் செலவழித்த வீட்டுக்குக் கரும்பச்சை. 6,000-லிருந்து 10,500 வரை என்றால் இளம்பச்சை. அதற்கு மேல் போன வீட்டுக்குப் பச்சை கிடையாது. யார் வேண்டுமானாலும் தெருவைப் பெரிதாக்கி, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்று அப்போது பார்த்துக்கொள்ள முடிந்தது.

2015 முதல் மூன்று ஆண்டுகள் மழை பொய்த்த நகரம் அது. அணைகளின் இருப்பு 13.5 சதவீதத்தைத் தொடும் நாளுக்கு ‘டே ஜீரோ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பெரும்பாலான வீட்டுக் குழாய்கள் மூடப்படும். தலைக்கு 25 லிட்டரை வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதைத் தவிர்க்க, 2018 பிப்ரவரி 1 முதல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். இந்த வறட்சியில் உருவான பிரச்சாரங்களில் இரண்டை, ஒரு நாவலையோ சினிமாவையோ வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒன்று இந்த வரைபடம். இன்னொன்று, பாட்டு.

பாட்டு இதுதான். ஒரு நிதி நிறுவனம் கேட்டுக்கொள்ள, தென்னாப்பிரிக்காவின் பிரபலப் பாடகர்கள் தங்கள் ஹிட் பாடல்களை இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கிப் பாடிக் கொடுத்தார்கள். ஷவரைத் திறக்கும்போது பாட்டைப் போட வேண்டும், பாட்டு முடிந்தால் குளியலும் முடிந்தது. அழகான யோசனை. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்றால் இருபது லிட்டரில் குளியல். அறிவுரை சொல்லாமல், பயமுறுத்தாமல், கூடவே பாடிக்கொண்டு சிக்கனம் செய்ய வைக்கிற வடிவம். ஆனால் இந்தப் பாட்டு யாருக்காக என்று கேட்டால் பதில் சுருங்கிவிடுகிறது. ஷவர் இருக்கிறவருக்கு மட்டும்தான் இது. தெருக்குழாயிலிருந்து வாளியில் தூக்கி வருகிறவருக்குப் பாட்டு தேவையில்லை. வாளியின் அடி தெரிந்தால் குளியல் முடிந்தது.

வரைபடம் இதைவிடச் சிக்கலான படைப்பு. நான் சாஃப்ட்வேர் ஆள் என்பதால் முதலில் அதன் திறமைதான் கண்ணில் பட்டது. அதிகம் செலவழிப்பவரைச் சிவப்பில் காட்டி அவமானப்படுத்தவில்லை, சிக்கனமானவரைப் பச்சையில் காட்டிப் பாராட்டுகிறது. தெருவே பச்சையாக இருக்கும்போது தன் வீடு மட்டும் வெறுமையாக இருந்தால் யாருக்கும் உறுத்தும். கட்டண உயர்வு, அழுத்தக் குறைப்பு, அபராதம் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தன. இருந்தாலும் மூன்று ஆண்டுகளில் நகரத்தின் தண்ணீர்ச் செலவு ஏறக்குறைய பாதியானதில் இப்படிப்பட்ட பிரச்சாரங்களுக்கும் பங்கு உண்டு. டே ஜீரோ வரவே இல்லை. 2018 குளிர்காலத்தில் மழையும் வந்தது. அந்த மக்கள் செய்தது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 6,000 எங்கிருந்து வந்தது? 50 லிட்டர், 4 பேர், 30 நாள். பெருக்கினால் சரியாக 6,000. அதாவது கரும்பச்சைப் புள்ளிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜத்தில் அந்த வீட்டில் எத்தனை பேர் என்று வரைபடத்துக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற தம்பதி ஆளுக்கு 100 லிட்டர் செலவழித்தால், அதாவது வரம்பைப் போல இரு மடங்கு, அப்போதும் அவர்கள் வீடு கரும்பச்சை. கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு உறவுக்காரர்களோடு பன்னிரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 35 லிட்டர்தான் என்றாலும் மாதம் 12,600 ஆகிவிடும். புள்ளி கிடையாது. உண்மையில் சிக்கனமாக இருந்தவர்கள் இவர்கள்தான்.

இன்னும் இருக்கிறது. தனி வீடுகள் மட்டுமே இந்த வரைபடத்தில் உண்டு. குடிசைப் பகுதிகள் இல்லை. நகராட்சிக் குழாயை மூடிவிட்டுத் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றைத் திறந்தவருக்கும் பச்சைதான், ஏனென்றால் மீட்டர் அந்தத் தண்ணீரைப் பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம், வறட்சிக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இதே நகரத்தில் ஏழை வீடுகளுக்கு ஒரு கருவி பொருத்தினார்கள். ஒரு நாளைக்கு 350 லிட்டர் ஆனதும் அது குழாயை மூடிவிடும். 350-ஐ 30-ஆல் பெருக்கினால் 10,500. இளம்பச்சையின் எல்லையும் அதுவே. வறட்சியின்போது அதிகம் செலவழித்த வீடுகளுக்கும் இந்தக் கருவி போனது உண்மை. ஆனாலும் ஒரே அளவு, வசதியானவருக்குப் பாராட்டாகவும் ஏழைக்கு அடைப்பாகவும் வந்து சேர்ந்தது. 2023-ல் ‘நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி’ இதழில் வெளியான ஆய்வு, கேப் டவுன் மக்கள்தொகையில் 14 சதவீதத்துக்கும் குறைவான மேல்தட்டு, உயர் நடுத்தரக் குடும்பங்கள் நகரத் தண்ணீரில் பாதிக்கு மேல் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. பச்சைப் புள்ளிகளை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்தக் கதை அதில் தெரியாது.

இதை வெளியே நின்று சொல்வதற்கு எனக்குத் தகுதி இல்லை. 2019 ஜூனில் சென்னையின் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன. ஓஎம்ஆரில் ஐடி நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் அபார்ட்மெண்ட்டில் டேங்கர் வரும் நேரத்தை வைத்துத்தான் அலாரம். அசோசியேஷனில், ‘நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, ஏதாவது பண்ணுப்பா’ என்றார்கள். கேப் டவுன் வரைபடத்தை மனதில் வைத்து ஒரு ஷீட் போட்டேன். ஒவ்வொரு ஃபிளாட்டின் மீட்டர் ரீடிங், பக்கத்தில் நிறம். நான் சிவப்பையும் சேர்த்தேன். அச்சடித்து லிஃப்டில் ஒட்டினார்கள்.

இரண்டாம் நாள் லிஃப்டில் ஓர் அக்கா என்னை நிறுத்தினார். பட்டியலில் முதல் சிவப்பு அவர் வீடு, மாதம் 18,000 லிட்டர். கோபமே இல்லாமல்தான் கேட்டார்: “தம்பி, எங்க வீட்ல ஆறு பேரு. மாமியார் படுத்த படுக்கை. தினம் ரெண்டு தடவ துணி அலசணும். அலசின தண்ணியத்தான் பாத்ரூமுக்கு ஊத்துறேன். அதுக்கு உங்க ஷீட்ல எங்கயாவது எடம் இருக்கா?”

இடம் இல்லை. அன்றிரவு ‘எத்தனை பேர்’ என்று ஒரு காலம் சேர்த்து வகுத்துப் பார்த்தேன். அவர் வீட்டில் ஆளுக்கு 100 லிட்டர் வந்தது. நானும் மனைவியும் மட்டும் இருக்கும் எங்கள் வீடு மாதம் 9,000, பச்சை. ஆளுக்கு 150.

மாதங்கள் கழித்துக் கேப் டவுன் வரைபடத்தை மறுபடி நினைத்தபோதுதான் அதன் குறை எனக்குச் சரியாகப் புரிந்தது. அது பொய் சொல்லவில்லை. மீட்டர் சொன்னதை அப்படியே சொன்னது. ஆனால் மீட்டருக்கு வீடு என்பது ஒரு குழாய் மட்டும். வீட்டுக்குள் தண்ணீரை மிச்சம் பிடிப்பது யார், அரிசி களைந்ததை எடுத்து வைப்பது யார், அலசின தண்ணீரை வாளி வாளியாகச் சுமப்பது யாருடைய இடுப்பு என்பதெல்லாம் அதற்கு வெளியே நிற்கிறது. பச்சைப் புள்ளியின் பெருமை வீட்டுக்குப் போகிறது. உழைப்பு பெரும்பாலும் ஒரு பெண்ணுடையது.

ஷீட்டைக் கிழித்துவிடவில்லை. கணக்கு வேண்டும், கணக்கில்லாமல் சிக்கனம் நிற்காது. நிறங்களை மட்டும் எடுத்துவிட்டு, தலைக்கு எவ்வளவு என்று புதிதாக அச்சடித்து நானே லிஃப்டில் ஒட்டினேன். எங்கள் வீடு மேலிருந்து மூன்றாவதாக இருந்தது.