அம்புக்குறி எங்கிருந்து தொடங்குகிறது

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாணவி வருவாள். இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் பருவம். அவள் வகுப்புக்குத் தமிழ்ப்பாடம் எடுப்பவள் நான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள் என்பதால், கல்லூரியில் ஆங்கிலத்தில் நடக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் பழைய பாடநூலில் தமிழ்ச்சொல் தேடி ஓரத்தில் எழுதிக்கொள்வாள். அந்தத் தேடலுக்குத் துணையாகத்தான் என்னிடம் வருகிறாள்.

சென்ற மாதம் கரிம வேதியியல் குறிப்பேட்டை என்முன் விரித்துவைத்து, "மேடம், பக்கத்துக்குப் பக்கம் 'தாக்குகிறது'ன்னே இருக்கு. எஃப்.ஐ.ஆர். படிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னாள். ஆசிரியர் கரும்பலகையில் 'பின்புறத் தாக்குதல்' என்று எழுதியதும் பின்வரிசைப் பையன்கள் சிரித்திருக்கிறார்கள். ஆசிரியர் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வினையில் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்கவில்லை. துறை மாறிவிடலாமா என்று யோசிக்கிறாளாம்.

நானும் வேதியியலை விரும்பிப் படித்தவள்தான். ஆய்வகம் முடிய மாலையாகிவிடும், பேருந்து தவறிவிடும் என்று வீட்டில் என்னைத் தமிழில் சேர்த்தார்கள். தமிழ் எனக்குக் கவிதையையும் சம்பளத்தையும் கொடுத்தது, குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரு பெண் எந்த இடத்தில் ஒரு துறையை விட்டு நகர்கிறாள் என்பதை நான் அலட்சியமாகப் பார்க்க முடியாது. அவளுடைய குறிப்பேட்டை வாங்கி, ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல் வாசித்தேன்.

அவள் கேட்காமல் விட்ட சந்தேகம் இதுதான்: "தாக்குறதுன்னா எடுக்கணும் இல்ல மேடம்? இது குடுக்குதே."

அவள் சொன்னது சரி. கருக்கவர் பொருளிடம் பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. எதிரே எலக்ட்ரான் குறைந்த கார்பன். வெளியேறப்போகும் தொகுதிக்கு நேர் எதிர்ப்பக்கமாக அணுகி, தன்னிடமுள்ள இரண்டையும் புதிய பிணைப்புக்குத் தருகிறது கருக்கவர் பொருள். வேதியியலார் போடும் வளைந்த அம்பு எலக்ட்ரான்கள் இருக்கும் இடத்தில் தொடங்கி, அவை சென்று சேரும் இடத்தில் முடிகிறது. அம்பு தருபவரிடமிருந்து தொடங்க, வாக்கியமோ அவரைத் தாக்குபவர் என்கிறது. படம் ஒன்று சொல்ல, உரை வேறொன்று சொல்கிறது. என் மாணவி படத்தை நம்பினாள், அதனால்தான் குழம்பினாள்.

இந்த வகைப் பொருளுக்கு 1933இல் ஆங்கிலப் பெயரிட்டவர் கிறிஸ்டோபர் இங்கோல்டு. அந்தப் பெயரின் பின்பாதி, அன்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கருவை நேசிப்பது என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் அது 'கவர்' ஆயிற்று. கவர்தலுக்கு ஈர்த்தல் என்றும் பறித்தல் என்றும் இருபொருள் உண்டு. வெட்சித் திணையில் ஆநிரை கவர்வது பறித்தல்தான். ஆனால் பழியைத் தமிழாக்கத்தின்மேல் மட்டும் போட முடியாது. பெயரில் அன்பை வைத்த ஆங்கிலமும் வினைச்சொல்லாகத் தாக்குதலைத்தான் வைத்திருக்கிறது.

வேதியியல் கற்பிக்கும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "மூலக்கூறுக்கு ஏதுடி நோக்கம்? தாக்குதல் உருவகம் என்றால் தருதலும் உருவகம்தான்" என்றாள். ஏற்கிறேன். தருவதே பெண்மை என்கிற இன்னொரு பொறியில் விழவும் எனக்கு விருப்பமில்லை. 'எதிர்ப்பக்க அணுகல்' என்று சொன்னாலே போதும். வினை மாறாது, அம்பின் திசை தெளிவாகும், வகுப்பில் சிரிக்க ஒன்றும் இருக்காது. உருவகம் தவிர்க்க முடியாததென்றால், மாணவிக்குப் புரியவைக்கும் உருவகத்தையாவது தேர்ந்தெடுக்கலாமே.

குறிப்பேட்டில் இன்னும் சில பக்கங்கள் தள்ளி, பென்சீன். அங்கே கெகுலேயின் கனவு. கணப்பின் முன் கண்ணயர்ந்தவருக்குத் தன் வாலைத் தானே கவ்விய பாம்பு தெரிந்த கதை. அவர் வளைய அமைப்பை வெளியிட்டது 1865இல். கனவைப் பற்றிச் சொன்னது 1890இல், தனக்கு எடுக்கப்பட்ட விழாவில். கனவுக்கு அரைப்பக்கம் கிடைத்திருக்கிறது. அந்த வளையத்தை அளந்து காட்டியவருக்கு ஒரு வரிகூட இல்லை.

அவர் கேத்லீன் லான்ஸ்டேல். லீட்ஸில் இருந்தபோது, ஆறு மெத்தில் தொகுதிகள் சேர்ந்த பென்சீன் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, வளையம் தட்டையானது, ஆறு கார்பன்களும் சம அறுகோணமாக இருக்கின்றன என்று 1929இல் நிறுவினார். படிகத்தைக் கொடுத்தவர், மேலே சொன்ன இங்கோல்டுதான். முதல் குழந்தை பிறந்ததும் அதே ஆண்டில். பிறகு அவர் ஆய்வகத்துக்குத் திரும்ப, வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வதற்கான பணத்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய பேராசிரியர் பிராக். 1660இல் தோன்றிய இலண்டன் ராயல் சொசைட்டி 1945இல்தான் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக்கியது. அந்த இருவரில் லான்ஸ்டேல் ஒருவர். கண்ணயர்ந்த ஆணின் கனவு பாடமாகிறது. கைக்குழந்தைக்கும் கணக்குக்கும் நடுவே விழித்திருந்த பெண்ணின் உழைப்பு, யார் செய்ததென்று தெரியாத உண்மையாக நின்றுவிடுகிறது.

நம் நாட்டுக் கதை ஒன்றும் விடுபட்டிருக்கிறது. கல்கத்தாவின் அசீமா சாட்டர்ஜி 1940இல் லேடி பிரபோர்ன் மகளிர் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கினார், 1944இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார், 1961இல் பட்நாகர் பரிசு பெற்ற முதல் பெண் ஆனார். தாவரங்களின் கரிமச் சேர்மங்களே அவர் வாழ்நாள் ஆய்வு. வலிப்பு நோய்க்கு அவர் உருவாக்கிய மருந்துக்கு மூலமான தாவரங்களில் ஒன்று நம் ஆரைக்கீரை இனத்தைச் சேர்ந்தது. "எங்க கழனியில மண்டிக் கிடக்குமே மேடம், நாலு இலை" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் நிமிர்ந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

அடுத்த வாரம் ஆசிரியரின் அறைக்குப் போய்ச் சந்தேகத்தைக் கேட்டிருக்கிறாள். அவர் பொறுமையாக விளக்கினாராம். குறிப்பேட்டில் 'தாக்குகிறது' என்று இருந்த இடங்களில் பென்சிலால் 'அணுகித் தருகிறது' என்று எழுதி வைத்திருக்கிறாள். தேர்வில் எதை எழுதுவாய் என்று கேட்டேன்.

"தாக்குகிறதுன்னுதான் மேடம். மார்க் வேணுமே."

துறை மாறுவதைப் பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை. இந்தப் பருவம் முடியட்டும் என்கிறாள்.